எருக்கம்பஞ்சுத் தேர்தல்

ஏழுவேலி என்று ஒரு நாடு இருந்தது. அதற்கு முன் அது மனிதர்களின் தோட்டமாக இருந்தது. அண்ணன் தம்பி வழக்கில் கதவைப் பூட்டிச் சாவியை யாரோ எடுத்துக்கொண்டு போக, உள்ளே இருந்த செடிகள் வெட்டுவார் இல்லாமல் வளர்ந்தன. செடிகளை நம்பிப் பறவைகள் வந்தன. பறவைகள் பெருகியதும் நாடு என்று ஒன்று உண்டாயிற்று. நாடு உண்டானபின் தேர்தல் இல்லாமல் முடியுமா? அதுவும் வந்தது.

அந்த நாட்டின் தேர்தல் முறை நான் வேறெங்கும் கேள்விப்படாதது. சித்திரை மாதம் எருக்கங்காய் வெடித்துப் பஞ்சு பறக்கும் காலத்தில் ஒரு நாள் வாக்குப்பதிவு. போட்டியிடுகிறவர்கள் ஆளுக்கொரு மரப்பொந்தின் வாசலில் உட்கார்ந்திருப்பார்கள். வாக்காளர், தாம் கூடு கட்டும் பொருளில் ஓர் இழையை அலகில் கொண்டுவந்து, தமக்குப் பிடித்தவரின் பொந்தில் போடவேண்டும். தையல்சிட்டு எருக்கம்பஞ்சைப் போடும். தூக்கணாங்குருவி விழல்புல்லைக் கிழித்த நாரைப் போடும். தேன்சிட்டு, நாம் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிறோமே, அந்தப் பூளைப்பூவில் ஒரு பிசிறைப் போடும். எந்தப் பொந்தில் இழை அதிகமோ அந்தப் பொந்துக்காரர் ஓராண்டுக்குத் தலைவர். தலைவரின் முதல் வேலை, அன்று மாலையே தம் பொந்தில் சேர்ந்ததையெல்லாம் வெளியே அள்ளிப்போட்டு, யாருக்குக் கூட்டுக்குப் பொருள் போதவில்லையோ அவர்களுக்குக் கொடுத்துவிடுவது. அதன்பிறகு அவர் வெறும் பொந்தில் இருந்துதான் ஆட்சி செய்வார்.

பழைய தலைவர்கள் உருப்படியாக எதையும் செய்யவில்லை என்று இப்போது அங்கே சொல்கிறார்கள். உண்மைதான். அவர்கள் எதையும் செய்யாததால் செடிகள் வளர்ந்தன, கூடுகள் இருந்தன, குஞ்சுகள் பறந்தன. அதைச் சாதனை என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

ஒரு வருஷம் பங்குனிக் கடைசியில் கோடைமழை பேய்க்காற்றோடு வந்து நாற்பது கூடுகளைத் தள்ளிவிட்டுப் போனது. அதில் ஒன்று பழனாத்தாளுடையது. பழனாத்தாள் ஒரு தையல்சிட்டு. பூவரசு இலையின் இரண்டு ஓரத்தையும் அலகால் துளைத்து, பஞ்சைத் திரித்து நூலாக்கிக் கோத்து, இலையைப் பையாகத் தைத்து, அதற்குள் எருக்கம்பஞ்சால் மெத்தை போட்டு முட்டையிடுகிற இனம். அவள் புருஷன் நாச்சிமுத்து. அந்தக் காற்றில் இலைக்காம்பு முறிந்து, உள்ளே இருந்த நான்கு முட்டைகளும் தரையில் சிதறின. அவள் இரண்டு நாள் தீனி எடுக்கவில்லை.

அப்படி நாடே நொந்து கிடந்தபோதுதான் செங்கழுத்தார் வந்து சேர்ந்தார். கழுத்தில் சிவப்பு வளையம் போட்ட பச்சைக்கிளி. ஒன்பது வருஷம் மனிதர்களோடு வாழ்ந்தவர். மனித மொழியில் பதினொரு வாக்கியம் தெரியும். அவற்றில் ஒன்றின் பொருளும் அவருக்குத் தெரியாது. கேட்டவர்களுக்கும் தெரியாததால் அதைப் புலமை என்று நினைத்துக்கொண்டார்கள். அவர் ஆலமரத்துப் பெரிய பொந்தின் வாசலில் உட்கார்ந்து, பசித்துக் கிடந்த கூட்டத்தைப் பார்த்து, "சாப்பிட்டாச்சா? வாங்க, உட்காருங்க" என்று தொடங்கினார். பிறகு பறவைகளின் மொழியிலேயே சொன்னார்:

"நான் இருந்த வீடு ஒன்பது மழைக்காலத்தைப் பார்த்தது. ஒரு சொட்டு உள்ளே வந்ததில்லை. காற்றில் ஆடியதில்லை. கீழே விழுந்ததில்லை. இந்த நாட்டின் ஒவ்வொரு கூட்டையும் அப்படி ஆக்கிக் காட்டுகிறேன்."

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. அவர் வீடு என்றது ஒரு கம்பிக் கூண்டு. அது ஒரு மாடிவீட்டுக் கூடத்தில், காற்று புகாத மூலையில், கொக்கியில் தொங்கிக்கொண்டிருந்தது. யாரும் அதைக் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"இந்த வாட்டி இவருக்கே போட்டரலாமுங்க" என்றாள் பழனாத்தாள்.

"கூடு கட்டத் தெரிஞ்சவரா இவரு?" என்றான் நாச்சிமுத்து.

"கட்டறது நாம கட்டிக்கறமுங்க. விழுகாம காப்பாத்தத் தெரிஞ்சாப் போதாதுங்களா?"

நானும் அந்தக் கிளையில் இருந்திருந்தால் இப்படித்தான் பேசியிருப்பேன். நாலு முட்டையைப் பறிகொடுத்தவளிடம் போய் எதைச் சொல்லி மறுப்பது? அவள் வாக்குப்பதிவு அன்று பறந்த பஞ்சிலேயே நீளமானதாக, வெள்ளையாக ஓர் இழையைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோய்ப் போட்டாள். செங்கழுத்தாரின் பொந்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு இழைகள் சேர்ந்தன. மற்ற இரண்டு பொந்துகளிலும் சேர்த்து முப்பதுகூட இல்லை.

அன்று மாலை, வழக்கப்படி எல்லோரும் ஆலமரத்தின் கீழே காத்திருந்தார்கள். தலைவர் வெளியே வரவில்லை. ஒன்பது வருஷம் இரும்புக் கம்பியில் நின்ற கால்கள் அவை. அந்தப் பஞ்சுக் குவியலில் கால் வைத்ததும் அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. படுத்துப் பார்த்தார். எழுந்திருக்க மனமில்லை.

அவருக்குப் பதிலாகக் கொண்டலாத்தியார் வெளியே வந்தார். இவர் தலையில் விசிறிக் கொண்டை உண்டு. அதனால் பிறந்த நாளிலிருந்தே அதிகாரிதான். எந்தத் தலைவர் வந்தாலும் செயலர் இவரே. இவருடைய இனம் சுவர்ப்பொந்தில் வெறும் மண்ணில் முட்டையிடுவது. பஞ்சு எதற்கு என்று அவருக்கு உண்மையிலேயே தெரியாது.

"மக்கள் தந்த தீர்ப்பு இது" என்றார். "தீர்ப்பை வீதியில் அள்ளி இறைப்பது மக்களையே அவமதிப்பதாகும். முந்தைய ஆட்சிகள் அந்த அவமதிப்பை ஆண்டுதோறும் செய்துவந்தன. இனி உங்கள் தீர்ப்பு உள்ளேயே பத்திரமாக இருக்கும்."

சிலர் கைதட்டினார்கள், அதாவது இறக்கையைத் தட்டினார்கள். பொருள் போதாதவர்கள் மறுநாள் காலை கூடுதலாக நாலு தடவை பறந்து தேடிக்கொண்டார்கள். செடிகள் அப்போது இருந்தன.

அடுத்து மூவர் குழு அமைந்தது. கொண்டலாத்தியார், அவருடைய மைத்துனர், தலைவர். கூடுகள் ஏன் விழுகின்றன என்று அது ஆராய்ந்தது. பலவீனமான பொருளால் கட்டுவதால் விழுகின்றன, பலவீனமான பொருள் இருப்பதால் அதைக்கொண்டு கட்டுகிறார்கள், ஆகவே அதை விளைவிக்கும் செடிகளை அகற்றவேண்டும் என்று கண்டுபிடித்தது. அறிக்கை ஆலமரத்தடியில் வாசிக்கப்பட்டது. எருக்கு குப்பைமேட்டில் வளர்கிறது, அதன் பால் கண்ணில் பட்டால் கெடுதல், ஆகவே களை. வேலிப்பருத்தி அனுமதியில்லாமல் அடுத்தவர் வேலியில் ஏறுகிறது, இலையைக் கசக்கினால் வாடை அடிக்கிறது, ஆகவே களை. பூளை எத்தனை மழை பெய்தும் முழங்கால் உயரத்துக்கு மேல் வரவில்லை, வளர்ச்சியில் நாட்டமில்லாத செடி. விழல்புல் பார்ப்பதற்கு ஏழ்மையாக இருக்கிறது.

"அதுலதானுங்களே பஞ்சும் நாரும் இருக்குது?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது. ராசாமணி என்ற தவிட்டுக்குருவி. ஏழு பேராகவே திரிந்து, ஒருத்தி குஞ்சுக்கு ஏழு பேரும் தீனி கொடுக்கிற கூட்டத்துக்காரி. வாயும் ஏழு பேருக்கு உண்டு.

"பஞ்சு வேண்டாம் என்று குழு எங்கும் சொல்லவில்லை" என்றார் கொண்டலாத்தியார். "செடி வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. அறிக்கையைச் சரியாகக் கேட்கவேண்டும்."

செடிகளை வேரோடு எடுக்கும் வேலை பெருச்சாளிகளுக்குக் கொடுக்கப்பட்டது. கூலியாக, நாட்டில் கீழே விழும் முட்டைகள் எல்லாம் அவர்களுக்கு என்று பேச்சு. கூடுகள் விழாமல் இருப்பதற்கான திட்டத்தில், விழுவதை நம்பி வாழ்கிறவர்களை வேலைக்கு வைத்தது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அங்கே கேட்கவில்லை. ஆனி முடிவதற்குள் தோட்டத்தின் தென்பாதி மொட்டையாயிற்று, மார்கழிக்குள் வடபாதியும்.

பஞ்சும் நாரும் போன இடத்தில் உறுதிக் கூடு திட்டம் வந்தது. மதிலுக்கு அப்பால் மனிதர்கள் குப்பை கொட்டும் இடத்திலிருந்து துருக்கம்பித் துண்டுகளும், மூட்டை கட்டும் நைலான் நூலும் கொண்டுவந்து குவித்தார்கள். தலைவர் பார்த்துப் பழகிய பொருள்கள் அவை. அவற்றைப் பார்த்ததும் கண்கலங்கி, "கதவைச் சாத்து" என்று மனித மொழியில் சொன்னார். அது திட்டத்தின் முழக்கமாக ஏற்கப்பட்டது.

ராக்கியப்பன் என்ற தூக்கணாங்குருவி அந்த மழைக்காலத்தில்தான் இறந்தான். அதை விவரமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் அரசாங்கம் அதை விவரமாகச் சொல்லவில்லை.

தூக்கணாங்குருவிகளுக்கு ஒரு வழக்கம். ஆண், கூட்டைப் பாதிவரை பின்னி நிறுத்திவிடும். அதில் தலைகீழாகத் தொங்கி, இறக்கையை அடித்துக்கொண்டு பெண்களைக் கூப்பிடும். பெண் வந்து அலகால் இழுத்துப் பார்த்து, பின்னல் பிடித்திருந்தால் உள்ளே உட்காருவாள். அதற்குப் பிறகுதான் மீதிக் கூடு. செயலர் ஒருநாள் கிணற்றடிப் பனையைப் பார்த்தார். பதினொரு அரைக்கூடுகள் தொங்கின. பாதியில் நிற்கும் கட்டடங்கள் நாட்டின் தோற்றத்தைக் கெடுக்கின்றன, முழுக்கக் கட்டி முடித்தபின்னரே பெண்ணுக்குக் காட்டவேண்டும் என்று ஆணை போட்டார்.

அவர்களும் நைலான் நூலால் முழுக்கூடாகக் கட்டி முடித்தார்கள். பெண்கள் வந்தார்கள், பார்த்தார்கள், திரும்பிப் போனார்கள். அவர்கள் கணக்கில் கட்டி முடித்த கூடு என்றால் உள்ளே ஏற்கெனவே ஒருத்தி இருக்கிறாள். "அடுத்தவ ஊட்டைக் காட்டி நம்மளக் கூப்படறானே, வெக்கங்கெட்டவன்" என்று ஒருத்தி ராக்கியப்பன் காதுபடவே சொல்லிவிட்டுப் போனாள். அவனால் தாங்கமுடியவில்லை. கூட்டைப் பிரித்துப் பாதியாக்கிவிடலாம் என்று மறுநாள் காலையில் இழுத்தான். புல்லாக இருந்தால் கிழிந்திருக்கும். நைலான் கிழியவில்லை. சுருக்கு விழுந்து காலை இறுக்கியது. எல்லோரும் வந்து அலகால் கொத்திப் பார்த்தார்கள். பழனாத்தாளின் ஊசி அலகுகூட அந்த நூலில் இறங்கவில்லை. இரண்டு நாள் தலைகீழாகத் தொங்கினான். முதல் நாள் கூப்பிட்டான். இரண்டாம் நாள் கூப்பிடவில்லை.

செயலர் பார்வையிட்டுவிட்டு, இரண்டு நாள் காற்றிலும் எடையிலும் ஓர் இழைகூட அறவில்லை, உறுதிக் கூட்டின் உறுதி ஐயத்துக்கிடமின்றி நிரூபிக்கப்பட்டது என்று அறிவித்தார்.

வருஷம் திரும்பியது. மறுபடி சித்திரை. நாட்டில் எருக்கு என்று ஒன்றே ஒன்றுதான் மிச்சம். கிணற்று மதில் வெடிப்பில் வேர்விட்டிருந்ததால் பெருச்சாளிகளால் எடுக்க முடியவில்லை. பழனாத்தாள் மதிலோரப் பூவரசில் ஓர் இலையைத் தைத்து வைத்திருந்தாள். பஞ்சு கிடைக்காததால் சிலந்திவலை இழையைத் திரட்டித்தான் தையல் போட்டிருந்தாள். பை தயார், மெத்தை இல்லை. வயிறு கனத்துவிட்டது. போன வருஷம் இதே சமயத்தில் நாலு முட்டையைத் தரையில் பார்த்தவள். நைலான் நூலைக் கொண்டுவரட்டுமா என்று நாச்சிமுத்து கேட்டதற்கு அவள் கிணற்றடிப் பனையைக் காட்டினாள். ராக்கியப்பன் இன்னும் அந்தப் பனையில்தான் தொங்கிக்கொண்டிருந்தான்.

கிணற்று எருக்கில் முதல் காய் வெடித்த காலையில் அவள் போய் அலகு நிறையப் பஞ்சு எடுத்தாள். இரண்டாம் தடவை எடுக்கும்போது காவல் காக்கைகள் இரண்டு அவளைப் பிடித்துச் செயலரின் வேப்பங்கிளைக்குக் கொண்டுபோயின.

"அலகில் என்ன?" என்றார் கொண்டலாத்தியார்.

அவள் பஞ்சை இறக்கிக் காலடியில் மிதித்துக்கொண்டாள், காற்றில் போய்விடாமல். "பஞ்சுங்க."

"பஞ்சு அல்ல, வாக்கு. நம் தேர்தல் எதைக்கொண்டு நடக்கிறது? இழையைக்கொண்டு. நாட்டில் மிஞ்சியிருக்கும் இழை எல்லாம் எங்கே இருக்கிறது? அந்த ஒரு செடியில். ஆகவே அந்தச் செடி வாக்குச்சாவடி. தேர்தலுக்கு ஐந்து நாள் இருக்கும்போது ஒரு வாக்காளர் அலகு நிறைய வாக்குகளோடு பிடிபட்டிருக்கிறார். இதற்கு என்ன பெயர் என்று உமக்குத் தெரியுமா?"

"நான் யாருக்கும் போடறதுக்கு எடுக்கலீங்க. முட்டைக்கு அடியில போடறதுக்குங்க. இன்னும் அஞ்சாறு நாள்ல வெச்சுருவனுங்க."

"மக்களாட்சியின் புனிதப் பொருளை முட்டைக்கு அடியிலா?" அவர் கொண்டை விரிந்து மூடியது. "தேர்தல் முடியும்வரை ஒத்திவையும்."

"எதையுங்க?"

"முட்டையை."

பழனாத்தாள் காலடிப் பஞ்சை இன்னும் இறுக்கி மிதித்துக்கொண்டாள். "அது எங்கையிலயா இருக்குதுங்க? அது பாட்டுக்கு வருமுங்க."

"பஞ்சு இல்லாவிட்டால் என்ன? நாங்கள் தலைமுறை தலைமுறையாக வெறும் மண்ணில்தான் வைக்கிறோம்."

"உங்களுது சுவருங்க, ஆடாது. எங்களுது இலைங்க. மெத்தை இல்லீன்னா ஒண்ணோட ஒண்ணு மோதி ஒடஞ்சு போயிருமுங்க. போன வருசம் நாலு போச்சு. இதாச்சும் நிக்கோணுமுங்க."

முதல் குற்றம் என்பதால் எச்சரித்து அனுப்பினார். அவள் காலடியில் இருந்ததையும், தேடிப்போய் இலைக்குள் இருந்ததையும் பறிமுதல் செய்தார்கள். எண்ணியபோது அறுபது இழைகள். வாக்குகளைப் பத்திரமாக வைக்க நாட்டில் ஒரே இடம்தான் இருந்தது, தலைவரின் பொந்து. அங்கே சேர்த்தார்கள்.

வாக்குப்பதிவு நாள். இந்த முறை ஒரே பொந்துதான். கம்பி வீட்டில் வாழ்ந்த அனுபவம் உள்ளவர்களே போட்டியிடலாம் என்று விதி வந்திருந்ததால், தகுதியுள்ளவர் ஒருவர்தான் கிடைத்தார். ஒவ்வொருவரும் கிணற்று எருக்கருகே வரிசையில் நின்று, காக்கை எடுத்துக் கொடுக்கும் ஓர் இழையை வாங்கி, அங்கிருந்து ஆலமரத்துக்குப் பறந்து பொந்தில் போடவேண்டும். முன்போலப் புல்லும் பூளையும் செல்லாது, அவை இப்போது இல்லையே. இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு வாக்காளர்கள் வரிசையில் நின்றார்கள்.

பழனாத்தாள் எட்டாவதாகவோ ஒன்பதாவதாகவோ நின்றாள். இழையை வாங்கினாள். ஆலமரத்துப் பக்கம் திரும்பியவள், அப்படியே மதிலோரப் பூவரசுக்குப் போய்விட்டாள். ஓர் இழையால் மெத்தை ஆகாது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் போனாள். பின்னாலேயே நாச்சிமுத்து ஓர் இழையோடு போனான். மெத்தைக்கு இருநூறு முந்நூறு இழை வேண்டும். அவர்களிடம் இரண்டு இருந்தன.

வரிசையில் இருந்து இதைப் பார்த்த ராசாமணி பின்னால் திரும்பிச் சொன்னாள்: "ஆளுக்கொண்ணு கொண்டுட்டுப் போயி அவரு மெத்தைய இன்னும் ஒசத்தி என்ன பண்ணப் போறோம்? ஒரு இழைய வெச்சு நம்மளுக்கும் கூடு ஆகாது. எல்லாத்தையும் பழனாத்தா இலையில போட்டா ஒரு கூடாச்சும் தேறுமல்லோ?"

 அவளுடைய ஏழு பேரும் பூவரசுக்குத்தான் போனார்கள். பிறகு ஒரு சில்லைக்குருவி. பிறகு இரண்டு தேன்சிட்டுகள். கூடு இழந்த கொண்டைக்குருவி ஒருத்தி தன் இழையை இலைக்குள் வைத்துவிட்டு, அதை அலகால் இரண்டு முறை தட்டிச் சரிசெய்துவிட்டுப் போனாள். மத்தியானத்துக்குள் பை நிரம்பிவிட்டது. பழனாத்தாள் உள்ளே உட்கார்ந்து நெஞ்சால் அழுத்தி அழுத்திக் குழி ஆக்கினாள். அந்த நாட்டின் கதையில் நல்ல நாள் அது ஒன்றுதான். கொடுத்தவர்கள் யாரும் அதை வீரம் என்று நினைக்கவில்லை.

மறுநாள் விடியலில் முதல் முட்டை வந்தது. அடுத்த நாள் ஒன்று, அதற்கடுத்த நாள் ஒன்று. வெளிர்நீலத்தில் செம்புள்ளி போட்ட மூன்று முட்டைகள். அவள் முதல் முட்டையிலிருந்தே அடைகாக்க உட்கார்ந்துவிட்டாள். நாச்சிமுத்து தீனி கொண்டுவந்து ஊட்டினான்.

ஐந்தாம் நாள் எண்ணிக்கை. கொடுத்த இழைகள் இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு. பொந்தில் புதிதாக விழுந்தவை பன்னிரண்டு. அந்தப் பன்னிரண்டும் யாருடையவை என்று எல்லோருக்கும் தெரியும், செயலரின் குடும்பமே பெரிய குடும்பம். மீதி இருநூற்று எண்பத்தாறு எங்கே? காக்கைகள் தேடிக் கண்டுபிடித்துச் சொல்லின. செயலர் சட்டத்தை எழுத்துக்கு எழுத்து படிக்கிறவர், அதில் அவரைக் குறை சொல்லமுடியாது. எங்கே இழைகள் சேர்கின்றனவோ அது பொந்து, பொந்துக்கு உரியவர் வேட்பாளர். இப்படித்தான் பழைய சட்டம் சொல்கிறது; கம்பி வீட்டு விதி, தாமாகப் போட்டியிட வருகிறவர்களுக்கு மட்டும்.

"வேட்பாளர் பழனாத்தாள், இருநூற்று எண்பத்தாறு" என்று அவர் அறிவித்தார்.

 ராசாமணி சிரித்தாள். இருநூற்று எண்பத்தாறு பெரிதா, பன்னிரண்டு பெரிதா என்று யாரும் யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஏதோ நல்லது தானாக நடந்துவிட்டது போல ஒரு நிமிஷம் எல்லோருக்கும் தோன்றியது.

"முறைப்படி எண்ணுவதற்கு வாக்குப்பெட்டியை இங்கே கொண்டுவரவேண்டும்" என்றார் செயலர்.

காக்கைகளோடு அவரே பூவரசுக்குப் போனார். பழனாத்தாள் கூட்டைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"எனக்குத் தலைவர் பதவியெல்லாம் வேண்டாமுங்க" என்றாள். "அவரே இருக்கட்டும். நீங்க எழுதிக் குடுங்க, நான் ஒத்துக்கறேன். ஒரு மாசம் மட்டும் விட்டுருங்க. குஞ்சு பறந்ததும் ஒரு இழை கொறையாம நானே எடுத்தாந்து குடுத்தறேன், எண்ணிக்குங்க."

"வாக்குப்பெட்டியின் மேல் வேட்பாளர் உட்கார்ந்திருப்பதே முறைகேடு. அதைப் பெரிதுபடுத்தாமல் இருக்கிறேன். எழுந்திரும்."

அவள் எழவில்லை. நாச்சிமுத்து காக்கையின் கண்ணைக் கொத்தப் போனான். தையல்சிட்டு என்பது ஓர் எலுமிச்சம்பழத்தைவிடச் சின்னது. காக்கை அவனை ஒரு தட்டுத் தட்டியதில் வால் பிய்ந்து மதிலில் போய் விழுந்தான். இன்னொரு காக்கை இலைக்காம்பைக் கத்தரித்தது. அவள் கடைசிவரை உள்ளே இருந்து, இலை சாய்ந்தபோதுதான் வெளியே வந்தாள், தன் எடையால் முட்டை நசுங்கிவிடும் என்று பயந்து. ஆலமரம்வரை கூடவே கத்திக்கொண்டு பறந்தாள்.

சாட்சிகள் முன்னிலையில் ஒவ்வோர் இழையாக உருவி எண்ணினார்கள். இருநூற்று எண்பத்தாறு சரியாக இருந்தது. அடியில் மூன்று முட்டைகள்.

"இவை இழை அல்லவே" என்றார் செயலரின் மைத்துனர்.

"ஆயினும் பெட்டிக்குள் இருந்தன. பெட்டிக்குள் இருப்பது எல்லாம் வாக்கு. யாருக்கு என்றுதான் பார்க்கவேண்டும்."

"எப்படிப் பார்ப்பது?"

"திறந்துதான்."

மிகுந்த கவனத்தோடு ஒவ்வொன்றாக உடைத்தார்கள். பழனாத்தாளைக் காக்கை கிளையோடு சேர்த்து மிதித்துப் பிடித்திருந்தது. இரண்டில் ஒன்றும் இல்லை என்று எழுதிக்கொண்டார்கள். ஒன்றும் இல்லை என்றால் மஞ்சளும் வெள்ளையும். மூன்றாவதில், அதாவது அவள் முதலில் இட்டதில், மஞ்சளின்மேல் சிவப்பாக மெல்லிய நூல்போல ஓடியிருந்தது. நடுவில் ஒரு புள்ளி துடித்துக்கொண்டிருந்தது. இதை இழை என்று கொள்ளலாமா என்று குழு விவாதித்தது. வாக்குச்சாவடிச் செடியிலிருந்து பெறப்பட்டதல்ல என்பதால் கொள்ளமுடியாது என்று முடிவானது. அதற்குள் துடிப்பு நின்றிருந்தது.

செயலர் முடிவை வாசித்தார். தலைவர் செங்கழுத்தார் பெற்றவை: பொந்தில் ஏற்கெனவே உள்ளவை முந்நூற்றுப் பன்னிரண்டு, பறிமுதல் வகையில் அறுபது, புதியவை பன்னிரண்டு, ஆக முந்நூற்று எண்பத்து நான்கு. பழனாத்தாள் இருநூற்று எண்பத்தாறு. செல்லாதவை மூன்று.

"அது போன வருசத்துப் பஞ்சல்லோ?" என்றாள் ராசாமணி. "ராக்கியப்பன் போட்ட புல்லும் அதுலதான் கெடக்குது. அவன்தான் செத்துப்போனானே."

"தம் வாக்கைத் திரும்பப் பெற அவர் மனுச் செய்யவில்லை" என்றார் செயலர்.

தலைவர் வாசலுக்கு வந்து, "நல்லாயிருக்கீங்களா?" என்று மனித மொழியில் கேட்டுவிட்டு உள்ளே போனார். இருநூற்று எண்பத்தாறு இழைகளையும் அவர் பொந்தில் சேர்த்தார்கள், பத்திரமாக இருப்பதற்கு. காக்கை காலை எடுத்ததும் பழனாத்தாள் கீழே இறங்கி வந்தாள். பிய்ந்த இலையையும் ஓடுகளையும் சுற்றிச் சுற்றி நடந்தாள். "அதுங்க ஓட்டுப் போட வரலீங்க" என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. அங்கே நின்ற யாருக்கும் அவள் முகத்தைப் பார்க்கும் தைரியம் இல்லை.

ராசாமணிதான் பக்கத்தில் போனாள். "நாங்கெல்லாம் கொண்டாந்து போட்ட பஞ்சாலதான் கண்ணு உன் கூட்டைத் தூக்கிட்டுப் போனாங்க" என்றாள். "போடாம இருந்திருந்தா உன்னைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க."  அங்கிருந்த இருநூற்றுச் சொச்சம் பேரும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். கூட்டை அழித்தது கிளியும் கொண்டலாத்தியும் அல்ல, தாங்கள் காட்டிய இரக்கம்தான் என்று அவரவர் மனத்துக்குள் ஒரு கணக்கு உட்கார்ந்துவிட்டது. அது தப்புக் கணக்கு என்று எனக்குத் தெரியும். சொல்வதற்கு நான் அங்கே இல்லை.

அடுத்த சித்திரையில் பழனாத்தாள் மறுபடியும் ஓர் இலையைத் தைத்தாள். வரிசையில் நின்றவர்கள் தங்கள் இழையை வாங்கிக்கொண்டு, அவள் இருந்த பூவரசை ஒதுக்கிவிட்டு, நேரே ஆலமரத்துக்குப் போனார்கள். தவிட்டுக்குருவிகள் அந்த வருஷம் ஆளுக்கொரு பக்கமாகத் தனித்தனியே பறந்தன. அதன்பின் ஏழுவேலியில் யாரும் யாருக்கும் ஓர் இழை கொடுத்ததில்லை. கொடுக்கக்கூடாது என்று சட்டம் போடத்தான் செயலர் நினைத்திருந்தார். வரைவுகூடத் தயாராக இருந்தது. தேவைப்படவில்லை.